காலியாக இருக்கலாம்

"அந்த ஏஜென்ட்டுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா அம்மிணி?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார் ஆறுச்சாமி.

நஸ்ரின் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயசு. அவளுக்கு முப்பத்தொன்று. ஆனாலும் எங்கள் கோயமுத்தூர் ஆபீசில் எழுத்துக்கு அவள்தான் குரு. அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு பக்கம் வெளியே போகாது. இவருடைய பக்கம் மட்டும் அவள் லீவில் இருந்த வாரத்தில் போய்விட்டது. போயிருக்கவே கூடாது.

விஷயம் இதுதான். எங்களுடையது மருந்து வாங்குகிற ஆப். அதில் கேள்வி கேட்டால் பதில் சொல்வது ஏஜென்ட். ஆள் கிடையாது, கம்ப்யூட்டர். கேட்கிறவர் யார், என்ன வயசு, எந்த மருந்து அவருக்கு ஆகாது என்று எடுத்துக் கொடுக்க ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது, அது கொடுப்பதை வைத்து என்ன செய்வது என்று ஏஜென்ட்டுக்குச் சொல்வது ஒரே ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தை எழுதியவர் ஆறுச்சாமி.

முந்தாநாள் போத்தனூரிலிருந்து சரோஜினி என்று ஒரு அம்மா, பல்வலிக்கு ஒரு மாத்திரை பேரைச் சொல்லி, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். கருவி அவருடைய விவரத்தைக் கொடுத்தது. 'ஆகாத மருந்து' என்ற இடம் காலி.

"உங்களுக்கு ஆகாத மருந்து எதுவும் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டது ஏஜென்ட்.

அந்த அம்மா இப்போது ஐசியூவில் இருக்கிறார். முகமெல்லாம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. நேற்று ராத்திரி மூச்சுக்கே தவித்துப் போனாராம்.

இவரோ கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டு நிற்கிறார்.

"காலின்னா தெரியாதுன்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமுங்க!"

"எங்க எழுதியிருக்கீங்க?" என்றாள் நஸ்ரின்.

"இதையெல்லாம் போய் எழுதுவாங்களா?"

"என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

படித்தார். "'ஆகாத மருந்து: இந்த இடம் காலியாக இருக்கலாம்.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

"இங்க வர்றதுக்கு முன்னாடி பம்புசெட் கம்பெனில இருபது வருஷம் மோட்டாருக்குப் புத்தகம் எழுதினீங்கல்ல. முதல் பக்கத்துல சிவப்புல என்ன போடுவீங்க?"

"தண்ணி இல்லாம மோட்டாரை ஓட்டாதீங்கன்னு."

"அது வாங்கறவங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

"எழுதாட்டி ஓட்டிப்போடுவானுங்க அம்மிணி! மோட்டார் புகைஞ்சு போச்சுன்னு நம்ம சட்டையைப் புடிப்பானுங்க!"

சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி நின்றார். சரி, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கே!

"அது மோட்டாருங்க. இது பெரிய மேதையாட்டப் பேசுதே! இதுக்கு ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கத் தெரியாதா?"

நஸ்ரின் எழுந்தாள். ஏழு வருஷமாக அவளோடு வேலை பார்க்கிறேன், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினாள்.

ஏஜென்ட்டைக் காலையிலேயே நிறுத்தியிருந்தோம். வருகிற கேள்விக்கெல்லாம் நாங்களேதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"இப்ப நீங்கதான் ஏஜென்ட். நீங்க எழுதின பக்கத்துல இருக்கறத மட்டும் செய்யலாம். இல்லாத எதையும் செய்யக் கூடாது."

"இதென்ன பெரிய வித்தை" என்று உட்கார்ந்தார்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. சூலூரிலிருந்து மாரியப்பன். போன மாசம் மகனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது, தன் தொண்டைவலிக்குப் போடலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கருவி கொடுத்த விவரம். வயசு ஐம்பத்தெட்டு. ஆகாத மருந்து என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

ஆறுச்சாமி அடித்தார்: 'உங்களுக்கு ஏதாவது மருந்து ஆகாதுங்களா?'

"அழிங்க" என்றாள் நஸ்ரின்.

"ஏனுங்க?"

"கேளுன்னு உங்க பக்கத்துல இருக்கா?"

அழித்தார். 'எனக்குத் தெரியலைங்க, டாக்டரைப் பாருங்க' என்று அடித்தார்.

"அதுவும் இல்லை. அழிங்க."

அழித்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. தன் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். கீழிருந்து மேலே ஒரு முறை படித்தார்.

திரையில் மறுபடியும் மாரியப்பன்: 'இருக்கீங்களா? மாத்திரையைக் கையில வச்சிருக்கேன்.'

"ஏஜென்ட் ரெண்டு நொடியில சொல்லிடும். நீங்க என்ன சொல்லப் போறீங்கண்ணா?"

"அநியாயம் பண்ணாதீங்க அம்மிணி! என்ன பண்றதுன்னே இதுல இல்லையே!"

அவள் திரையைக் காட்டினாள்.

'தண்ணி எடுத்துட்டேன். போட்டுக்கட்டுங்களா?'

ஆறுச்சாமி மேஜையில் ஓங்கி அறைந்தார்.

"எவன்யா எழுதினான் இந்தப் பக்கத்தை!"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். 'போடாதீங்க, பொறுங்க' என்று அடித்தார். முதலில் அழித்த கேள்வியைத் திரும்ப அடித்தார். நஸ்ரினைக் கேட்காமலே அனுப்பினார். அவளும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. ஆறுச்சாமி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதில் வந்தது.

'ஆமாங்க, பெனிசிலின் ஆகாது. சின்ன வயசுல ஒரு ஊசியில செத்துப் பொழச்சேன். மூணு வருஷமா உங்க ஆப்புலதான் மருந்து வாங்கறேன். யாரும் இதைக் கேக்கவே இல்லைங்களே?'