எழுத்துப் போட்டியில் சந்தேகக் காகம்

குளக்கரை மருத மரத்தடியில் காட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டி நடந்தது. ஆமை வாத்தியார் ஒரு சொல்லைச் சொல்வார். பாறைமேல் நிற்கும் பிள்ளை அதை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். தப்பினால் இறங்கிவிட வேண்டும்.

கடைசியில் முயல்குட்டி துள்ளனும் காக்கைக் குஞ்சு அஞ்சனியும் மிஞ்சினார்கள். அஞ்சனிக்குப் பரிசுகூடப் பெரிதில்லை. "நல்லா சொன்னேடி" என்று அம்மா வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அம்மாக் காகத்துக்கோ கண் முழுக்கச் சந்தேகம். தன் கூட்டில் குயில் முட்டையிட்டு ஏமாற்றிய நாளிலிருந்து அது யாரையும் நம்புவதில்லை.

'நிழல்' என்ற சொல்லைத் துள்ளன் சரியாகச் சொன்னான்.

"நிறுத்துங்க வாத்தியாரே," என்றது காகம். "இவ்வளவு நீளக் காது எதுக்கு? யாரோ பின்னாலிருந்து ஓதுறாங்க, இவன் கேட்டுச் சொல்றான்."

"ஆண்டவன் குடுத்த காது அக்கா இது. எங்க வம்சத்துக்கே இப்படித்தான்," என்றது தாய் முயல்.

"வம்சமே இப்படித்தான்னு நீயே ஒத்துக்கிட்டியே."

அடுத்த சொல்லைக் கேட்டதும் துள்ளன் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, அதையும் சரியாகச் சொன்னான்.

காகத்தின் பார்வை குளத்துக்குப் போனது. "இந்தத் தவளைங்க ஏன் விட்டுவிட்டுக் கத்துதுங்க? ஏதோ சைகை காட்டுதுங்க."

"மழைக்குக் கத்துறோம் தாயி," என்றது ஒரு தவளை. "நீ கத்தினா விருந்தாளி வரலாம், நாங்க கத்தினா மழை வரக்கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை. சந்தேகம் சளி மாதிரி ஒட்டிக்கொண்டது. அணில் கீரியை முறைத்தது. கீரி மைனாவை முறைத்தது.

ஆமை வாத்தியார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து வெளியே நீட்டினார். "பெத்தவங்க எல்லாரும் அக்கரைக்குப் போங்க. பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கரை அமைதியானது.

அடுத்த சொல் 'முயற்சி'. துள்ளன் ஒரு 'ச்' கூடுதலாகச் சொல்லிவிட்டான். அஞ்சனி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பிசகாமல் சொன்னாள்.

"ஜெயிச்சுட்டே புள்ள!" என்று முதலில் குதித்தவன் துள்ளன்தான்.

அஞ்சனி அக்கரைக்குப் பறந்தாள். மூச்சு வாங்க, அம்மா இருந்த கிளையில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, நான்தான் ஜெயிச்சேன்."

காகம் கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் மகளைப் பார்த்தது.

"நெசமாவா? யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

அஞ்சனியின் சிறகு தொங்கிப்போனது. அடுத்த கிளைக்கு நகர்ந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாயும்வரை காகம் கூப்பிட்டுப் பார்த்தது. அவள் திரும்பவே இல்லை.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுப் பழகிய கண்ணுக்கு, பெற்ற பிள்ளையின் உழைப்பும் திருட்டாகத்தான் தெரியும்.