மணல் மூடிய குழி

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு சாமியார் இருந்தார். முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். அவரிடம் ஞானம் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் காரில் வந்தார்கள். அவரோடு விறகு தள்ளியவர்கள் வருவதில்லை. அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

தணிகைவேலு பதினோரு வருடமாக அவருடைய சீடர். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். மலையில் ஒரு பங்களா வைத்திருந்தார். அதன் புல்வெளி நடுவே, வருகிற விருந்தாளிகள் குளிர்காய ஒரு நெருப்புக் குழி. சுற்றிலும் வெள்ளைக் கல் பதித்திருந்தது.

ஒரு நாள் காலை ஜீப்பில் வந்து இறங்கினார். பங்களாவின் காவல்காரர் வீரமலையும் இறங்கினார். அவர் ஜீப் ஓரமாகவே நின்றுகொண்டார்.

சாமியார் முற்றத்துக் குழியில் விறகு மூட்டி வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். எப்போதும் உள்ளே கூப்பிடுகிறவர் அன்று கூப்பிடவில்லை.

“ஒரு சந்தேகம் சாமி.”

“கேளு.”

“ஒருத்தன் தானா முன்வந்து பழியை ஏத்துக்கிறான். அதனால தப்பிச்சுப் போறவனுக்குப் பாவம் சேருமா?”

“யாரு அந்த ஒருத்தர்?”

தணிகைவேலு ஜீப் பக்கம் பார்த்தார்.

“போன சனிக்கிழமை விருந்தாளிங்க வந்திருந்தாங்க. கேம்ப் ஃபயர் போட்டோம். முடிஞ்சதும் குழியை மணல் போட்டு மூடியாச்சு. மறுநாள் காலையில இவன் பொண்ணு தர்ஷினி அந்தப் பக்கம் ஓடியிருக்கு. அஞ்சு வயசு. மணல்னு நெனச்சு ஏறி நின்னுடுச்சு.”

“கால்?”

“ரெண்டு பாதமும் வெந்துபோச்சு. இடது கால்ல மூணு விரலை எடுத்துட்டாங்க. இன்னும் கோயம்புத்தூர்லதான் படுத்திருக்கு.”

குழியில் ஒரு கட்டை வெடித்தது.

“மத்தியானம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்,” என்றார் தணிகைவேலு. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “தண்ணி ஊத்தச் சோம்பல்பட்டு நான்தான் மணலைப் போட்டேன்னு இவனே ஒத்துக்கிறான். கைநாட்டு வைக்கிறதுதான் பாக்கி. நான் கட்டாயப்படுத்தல சாமி.”

“மணல் போடச் சொன்னது யாரு?”

தணிகைவேலு காகிதத்தைக் கீழே இறக்கினார்.

“நான்தான். தண்ணி ஊத்தினா சாம்பல் சேறாகிக் கல்லுல கறை படியும். காலையில பாக்க அசிங்கமா இருக்கும்.”

“இப்ப கல்லு எப்படி இருக்கு?”

தணிகைவேலு தலையைக் குனிந்துகொண்டார். “நல்லா இருக்கு சாமி.”

“அவர் ஏன் ஒத்துக்கிட்டார்?”

“குடும்பத்தோட பங்களாவுலதான் இருக்கான். வேற எங்க போவான்?”

சாமியார் வெந்நீர்ப் பானையை இறக்கினார். மண்வெட்டியால் மணலை அள்ளி எரிகிற விறகின் மேல் கொட்டினார். மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமமாக்கினார். புகை நின்றது. பிறகு மூன்று டம்ளரில் வரக்காப்பி போட்டார். வீரமலை நின்றபடியே குடித்தார்.

“நெருப்பு அணைஞ்சுதா?” என்று கேட்டார் சாமியார்.

“அணைஞ்ச மாதிரிதான் தெரியுது,” என்றார் தணிகைவேலு.

“செருப்பைக் கழட்டிட்டு இதுமேல நட.”

சீடர் சிரித்துவிட்டார். “என்ன சாமி, பூமிதியா?”

“பூமிதியில நெருப்பு கண்ணுக்குத் தெரியும்.”

சிரிப்பு நின்றது. “உள்ள கங்கு இருக்குமே சாமி.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க மூடினதைப் பாத்தேனே.”

“அந்தப் பொண்ணு பாக்கல.”

காற்று கொஞ்சம் மணலைத் தள்ளிவிட்டுப் போனது. மேலே எதுவும் சிவப்பாகத் தெரியவில்லை.

“சரி,” என்றார் சாமியார். “யார் மேல குத்தமோ அவங்க வந்து நடக்கட்டும்.”

வீரமலை டம்ளரை ஜீப்பின் மேல் வைத்தார். செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் விட்டார். குழியை நோக்கி நடந்தார்.

ஓர் அடி. இரண்டு அடி.

தணிகைவேலு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது அடியில், கால் மணலில் படுமுன், சாமியார் மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினார்.

“வீரமலை, நீங்களா இருந்தா இதை எப்படி அணைப்பீங்க?”

“தண்ணி ஊத்திக் கிளறணுங்க. அடியில இருக்கிற கங்கு மேல வரும். மறுபடி ஊத்தணும், மறுபடி கிளறணும். சூடு போயிடுச்சான்னு புறங்கையை வச்சுப் பாக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அன்னிக்கும் ரெண்டு வாளி கொண்டாந்தேனுங்க.”

“அப்புறம்?”

“திருப்பி எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க.”

யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சாமியார் தண்ணீர் வாளியைக் காட்டினார். வீரமலை எட்ட நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மணல் சீறியது. ஆள் உயரத்துக்கு ஆவி கிளம்பியது. தணிகைவேலு நாலு அடி பின்னால் போனார். வீரமலை கழியால் கிளறினார். அடியிலிருந்து சிவப்பாக வந்தது. மறுபடி ஊற்றினார். நாலு வாளி ஆனது. கடைசியில் குனிந்து, கறுத்த சேற்றின் மேல் புறங்கையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

“இப்ப அணைஞ்சிருச்சுங்க,” என்றார்.

கையை வேட்டியில் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய் மறுபடியும் ஜீப் ஓரமாக நின்றார்.

தணிகைவேலு காகிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே சாமி.”

சாமியார் மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்தார்.

“அவர் மூணு அடி நடந்தார், தணிகைவேலு. நீ ‘நில்லு’ன்னு சொல்லல.”