இலை ஒட்டிய வரி

நாவற்குளத்துப் பள்ளிக்கூட வாசலில் ஓர் அழுங்கு பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இவள் பெயர் செதிலி.

பாறையில் அந்த வருஷத்துக் கணக்கு இருந்தது. மான் பதினான்கு. முயல் இருபத்திரண்டு. குரங்கு முப்பத்தொன்று, தேறியவர் மூன்று. முள்ளம்பன்றி ஒன்பது. கீரி இல்லை. அதற்கு அடுத்த வரி அழுங்கு. அங்கே எண்ணைக் காணோம். பிசின் தடவி ஓர் இலையை ஒட்டியிருந்தார்கள்.

போன வருஷமும் இலை. அதற்கு முந்தின வருஷமும் இலை.

காட்டு மன்றம் போட்ட கல்விச் சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. மழை முடிந்ததும் காட்டிலுள்ள நான்கு பள்ளிகளும் தங்கள் கணக்கை வாசலில் எழுதி வைக்க வேண்டும். காட்டில் வாழும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரி உண்டு. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், தற்காப்புப் பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள் என்று அதில் இருக்கும். மானுக்கு ஓட்டத்தில் பரீட்சை, முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்ப்பதில், அழுங்குக்குச் சுருள்வதில். ஒரு பிள்ளைகூட வராத இனத்துக்கு 'இல்லை' என்று எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளலாம்.

செதிலி படிக்க வந்தது வேறு ஆசையில். அவள் மகள் சுருளி அந்தப் பள்ளியில் ஒரே ஓர் அழுங்கு. ஓடிப்பிடித்து விளையாடும்போது சுருளி பயந்து சுருண்டால் குரங்குப் பிள்ளைகள் அவளையே பந்தாக உருட்டி ஆடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவாள். ஆனால் படுக்கும் முன்பு ஒன்று கேட்பாள்.

"அம்மா, என்னை மாதிரி சுருளுறவங்க வேற யாருமே இல்லையா?"

செதிலிக்குப் பதில் தெரியாது. ஒரு வெள்ளத்தில் அவள் கணவன் ஆற்றோடு போனபின் இன்னோர் அழுங்கின் வாசனைகூட அவள் மூக்கில் பட்டதில்லை. தன் இனத்தான் ஒருவன் மண்ணைத் தோண்டும் சத்தத்தைக் கேட்க அவள் காது ஏங்கிக் கிடந்தது. பாறையில் 'அழுங்கு ஒன்று' என்று எழுதியிருந்தால், எங்கிருந்தோ வருகிற ஓர் அழுங்கு அதைப் படிக்கும், தேடிக்கொண்டு வரும். அவள் நம்பிக்கையெல்லாம் அதில் இருந்தது.

அதனால் நேரே எழுத்தரிடம் போனாள். எழுத்தர் ஒரு மரங்கொத்தி. அந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவர். சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

"ஐயா, எம்பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வர்றாளா, இல்லையா?"

"ஒரு நாள்கூடத் தவறினதில்லையே."

"அப்ப அவளை ஏன் இலை போட்டு மூடுறீங்க?"

ஓர் இனத்தில் ஐந்து பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் எண்ணை வெளியே காட்டக்கூடாது, இலை ஒட்ட வேண்டும், எட்டாம் பிரிவு என்றார் மரங்கொத்தி. ஏன் என்று செதிலி கேட்டாள். அலகைக் கிளையில் இரண்டு தட்டுத் தட்டி, எட்டாம் பிரிவு என்றே மறுபடியும் சொன்னார். ஏன் என்பது அவருக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

செதிலி வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். முப்பத்தொரு குரங்குகளில் மூன்றுதான் தேறியது, அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். தன் மகள் முழுத் தேர்ச்சி, அவளுக்கு இலையா! நாம் எண்ணுவதற்கே லாயக்கில்லாத ஜென்மமா என்று வழி முழுக்கப் புலம்பினாள்.

புலம்பிக்கொண்டே வந்தவள் பக்கத்து வளை வாசலில் நின்றாள். அங்கே ஈட்டியம்மா என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் அதே பள்ளி. செதிலியின் மூளை சட்டென்று கணக்குப் போட்டது. பள்ளியில் முள்ளம்பன்றி ஒன்பது. நாலு போனாலும் ஐந்து மிஞ்சும், அவர்களுக்கு இலை விழாது. சுருளியோடு நாலு சேர்ந்தால் இங்கேயும் ஐந்து.

"அக்கா, உங்க பிள்ளைங்க நாலு பேரையும் ஒரே ஒரு வருஷம் அழுங்குன்னு எழுதிக் கொடுங்களேன்."

ஈட்டியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். என் பிள்ளைகளைப் பார்த்தால் குருடன்கூட நம்ப மாட்டானே என்றாள். ஆனால் சட்டத்தில் அதற்கும் வழி இருந்தது. வருஷா வருஷம் நடக்கும் சேர்க்கையின்போது பெற்றவர் எந்த இனம் என்று சொல்கிறாரோ அதைத்தான் எழுத வேண்டும், எதிர்க்கேள்வி கூடாது. செதிலி சிரிக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்ததும் ஈட்டியம்மாவுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைக்கு ஒரு துணை வேண்டும் என்கிற தவிப்பு அவளுக்குத் தெரியாததா? சரி, செய்து தொலைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். பதிலுக்குச் செதிலி தன் நகம் தேயத் தேய அவளுக்கு இரண்டு அறை வைத்த புதிய வளை ஒன்று தோண்டிக் கொடுத்தாள்.

அடுத்த சேர்க்கை வந்தது. நான்கு பிள்ளைகளும் முதுகில் முள்ளோடு வரிசையாக நின்றார்கள். மரங்கொத்தி முள்ளைப் பார்த்தார், ஈட்டியம்மாவைப் பார்த்தார், சட்டத்தை நினைத்துக்கொண்டார். 'அழுங்கு' என்று நான்கு முறை கொத்தினார்.

மழை முடிந்து பாறையில் புதுக் கணக்கு ஏறியது. 'அழுங்கு ஐந்து.' செதிலி அதைப் படித்தாள். நகர்ந்து போய், திரும்பி வந்து மறுபடியும் படித்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அழுங்கு நடந்து வந்து இதே இடத்தில் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். சந்தோஷத்தில் அந்த வரியின் பின்பாதியை அவள் படிக்கவே இல்லை.

பின்பாதியை ஒரு நரி படித்தது. 'சுருளும் பரீட்சையில் தேறியவர் ஒருவர்.'

முள்ளம்பன்றிப் பிள்ளைகளுக்குச் சுருளத் தெரியுமா? நான்கும் தோற்றிருந்தன. ஆனால் நரிக்கு அந்தக் கதை எப்படித் தெரியும்? அது வாயெல்லாம் நீர் ஊற நின்றது. சுருண்ட அழுங்கை எந்தப் பல்லாலும் ஒன்றும் செய்ய முடியாது. சுருளத் தெரியாத அழுங்கு, அதுவும் நாலு! அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டது.

அன்று பள்ளி விட்டதும் ஐந்து பிள்ளைகளும் குளத்தங்கரைக் கோரைப்புல் வழியே வீட்டுக்குத் திரும்பினார்கள். புல் ஆள் உயரம். உள்ளே சலசலப்பு கேட்டதுதான் தாமதம், நரி கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து முதலில் வந்த பிள்ளையின் காலைக் கவ்வியது. அடுத்த நொடி அதன் மூஞ்சியெல்லாம் முள். வலியிலும் ஆத்திரத்திலும் அது எதிரே கிடந்த சுருளியைப் பார்த்தது. அவள் அழகாகச் சுருண்டிருந்தாள். தண்ணீரில் தள்ளினால் சுருண்டது தானாக விரியும் என்று நரிக்குத் தெரியும். காலால் ஒரே உதை. சுருளி உருண்டு போய்க் குளத்தில் விழுந்தாள்.

நல்லவேளை, தலைமையாசிரியை ஒரு நீர்நாய். பள்ளி விட்டதும் குளத்தில் ஒரு முழுக்குப் போடுவது அவர் வழக்கம். சத்தம் கேட்டு வந்தவர் அடியில் பாய்ந்து சுருளியைக் கரையில் தூக்கிப் போட்டுவிட்டு, நரியின் வாலைப் பிடித்து ஒரு கடி கடித்தார். நரி ஊளையிட்டுக்கொண்டே ஓடியது.

செதிலி ஓடி வந்தபோது மகள் மண்ணில் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஈட்டியம்மா தன் மூத்த பிள்ளையின் காலில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

"எம்பிள்ளையை எம்பிள்ளைன்னே எழுதியிருக்கலாம், செதிலி. அது முள்ளுன்னு தெரிஞ்சிருந்தா நரி கிட்டயே வந்திருக்காது."

செதிலி மகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். தப்பு தன் மேல்தான் என்று தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். நீர்நாய் அவளைத் திட்டவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட அவளைப் பாறைக்கு அழைத்துப் போனார்.

"முள்ளம்பன்றிக்குக் கீழே இருக்கிற வரியைப் படிங்க."

"கீரி இல்லை."

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி அதே இடத்துல 'கீரி ஒன்று, தேறவில்லை'ன்னு எழுதியிருந்தோம். அப்ப இலை கிடையாது. ஒத்தைப் பிள்ளை, அதுவும் தற்காப்பு தெரியாத பிள்ளைன்னு நாங்களே ஊருக்குச் சொல்லிட்டோம். அதையும் நரி படிச்சுது."

செதிலி அந்த 'இல்லை'யை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் மன்றம் கூடிச் சட்டத்தில் எட்டாம் பிரிவைச் சேர்த்தது என்றார் நீர்நாய். ஐந்துக்குக் குறைந்தால், ஒன்றா நாலா, தேறியதா தேறாததா என்று யாருக்கும் தெரியக்கூடாது. எது என்று தெரியாவிட்டால் நரி ஒன்றுக்கு நாலு தடவை யோசிக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தக் கீரித் தாய்தான், அந்தப் பழைய வரியின் மேல், முதல் இலையைத் தன் கையால் ஒட்டினாளாம். அப்புறம் இந்தக் காட்டிலேயே அவள் இல்லை.

செதிலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தானே ஓர் இலையைப் பறித்து வந்தாள். மரங்கொத்தி பொய் எண்களைச் சுரண்டிவிட்டு, முள்ளம்பன்றி வரியில் மறுபடியும் ஒன்பது என்று கொத்தினார். செதிலி தன் வரியில் பிசின் தடவி இலையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் நீவிவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கீரிக்கு 'இல்லை'. அழுங்குக்கு இலை. யாரும் இல்லாத இடத்தில் இலை ஒட்ட மாட்டார்களே! இலை இருக்கிற இடத்தில் யாரோ இருக்கிறார்கள். இதே சட்டம்தானே மற்ற மூன்று பள்ளிகளுக்கும்? இத்தனை வருஷமாகத் தன் வரியையே பார்த்து அழுதாளே தவிர, இன்னொரு பள்ளியின் பாறையை அவள் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

சுருளி உடம்பு தேறியதும் அவளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். முதலில் மூங்கிலோடைப் பள்ளி. 'அழுங்கு இல்லை.' மறுநாள் புளியந்தோப்புப் பள்ளி. அங்கேயும் 'இல்லை'. சுருளிக்குக் கால் வலித்தது. செதிலி அவளைத் தன் வாலில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் ஆற்றைக் கடந்து கரட்டுமேட்டுக்கு ஏறினார்கள். பாறைக்குப் பக்கத்தில் போகவே அவளுக்குப் பயமாக இருந்தது. வரி வரியாகக் கண்ணை இறக்கிக்கொண்டு வந்தாள்.

அழுங்கு வரியில் ஓர் இலை ஒட்டியிருந்தது. வெயிலில் காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது.

சுருளி கை நீட்டி அதைத் தூக்கப் போனாள். செதிலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கக்கூடாது, பள்ளி விடட்டும், காத்திருப்போம் என்றாள்.

மணி அடித்தது. மான்கள் பாய்ந்து போயின. முயல்கள் போயின, காட்டுப்பன்றிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. வாசல் காலியாகிவிட்டது. கடைசியாக, முன்னங்கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு, பின்னங்காலால் மெல்ல நடந்து ஒரு சின்ன உருவம் வெளியே வந்தது. உடம்பெல்லாம் செதில்.

அது சுருளியைப் பார்த்தது. பயப்படவில்லை, சுருளவும் இல்லை. பக்கத்தில் வந்து அவள் மூக்கை முகர்ந்துவிட்டுக் கேட்டது.

"உங்க ஊர்லயும் இலைதானா?"

ஊர் பார்க்க எழுதும் கணக்கில் பொய் கலக்காமலும், எளியவரைக் காட்டிக்கொடுக்கும் எண்ணை மூடியும் வைத்தால்தான், பிள்ளைகளும் பிழைப்பார்கள், தேடி வருகிறவருக்கும் வழி தெரியும்.