ஐந்து சட்டித் தட்டைப்பயறு

செங்காட்டுச் சீமையை ஆண்ட வல்லபராயருக்கு மனசு தங்கம். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கடைசியாக ஒரு மழை வந்தால் தட்டைப்பயறு விதைப்பதென்று முடிவானது. ஐந்து ஊர்க்காரர்கள் ஐந்து விதை கொண்டுவந்தார்கள். "எங்க ஊர்ப் பயறு எந்த வறட்சிக்கும் அசையாது சாமி" என்று ஐந்து பேருமே சத்தியம் செய்தார்கள். விதை மாறிப்போனால் சீமையே பட்டினி கிடக்கும்.

"எது தாங்கும்? இருபது நாளில் சொல்," என்றார் ராஜா, சபை விகடகவி அனவரதனிடம்.

"காய்க்கவே எழுபது நாள் ஆகுமே, மகாராஜா!"

"அது பயற்றின் கவலை. உனக்கு இருபது நாள்தான்."

அனவரதன் அரண்மனை மொட்டைமாடியில் ஐந்து சட்டியில் விதைத்தான். நாற்று இலை விரித்ததும் தண்ணீரை நிறுத்தினான். "குழந்தையிலேயே தாகம் பொறுப்பது எதுவோ, அதுதான் நம் ஆள்."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒரு பயல் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. நானே காவல்!" என்றார்.

இருபதாம் நாள் காலையில் சபையே மாடி ஏறியது. நாலு சட்டியில் நாற்று தலை தொங்கிக் கிடந்தது. ஆலம்பாடிச் சட்டி மட்டும் பச்சைப்பசேல்.

"ஆலம்பாடி ஜெயித்தது! இதையே ஊருக்கெல்லாம் கொடுங்கள்!" என்று குதித்தார் ராஜா.

அனவரதன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மண் ஈரம். மேலே ஒரு செவ்வரளி இதழ். உடனே புரிந்துவிட்டது அவனுக்கு. தினமும் விடிந்ததும் இதே மாடியில் நின்று, செவ்வரளி போட்ட நீரைச் சூரியனுக்கு வார்ப்பவர் ராஜா ஒருவர்தான். சாமிக்கு விட்ட நீர் காலில் மிதிபடக்கூடாதே என்று பக்கத்துச் சட்டியில் வார்த்திருக்கிறார். பாவம், அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கவே அவருக்குத் தோன்றவில்லை!

காவல்காரரே கள்ளர் என்று சபை நடுவே சொல்ல முடியுமா? சொல்லாவிட்டால் ஊர் சோற்றுக்கு எங்கே போகும்?

"உத்தரவு மகாராஜா. ஆனால் சட்டியில் வளர்ந்த மாதிரியே புஞ்சையிலும் வளர வேண்டுமே. அதற்குத் தாங்கள் மனசு வைக்க வேண்டும்."

"நானா? என்ன செய்ய?"

"நாளை முதல் சூரிய பூஜையைப் புஞ்சை புஞ்சையாகப் போய்ச் செய்யுங்கள். மொத்தம் நாலாயிரம் புஞ்சைதான்."

ராஜா சட்டியைப் பார்த்தார். இதழைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி! அப்படியானால் ஜெயித்தது எது?"

"ஆலம்பாடி தாகமே பார்க்கவில்லை; வாடியதில் மீண்டு எழுவது எதுவோ அதுதான்," என்று அனவரதன் வாடிய நாலு சட்டிக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் விட்டான். மத்தியானத்துக்குள் கரட்டூர் நாற்று மட்டும் தலைதூக்கி நின்றது. கரட்டூர் விதையே ஊருக்குப் போனது. அனவரதன் கையில் ராஜாவின் தங்கக் காப்பு ஏறியது.

"எல்லாம் சரி. இனி நான் எங்கேதான் பூஜை செய்வது?" என்றார் ராஜா.

"வற்றிக் கிடக்கிற கண்மாய்க்குள் நின்று செய்யுங்கள், மகாராஜா. அது நிரம்பிவிட்டால் எனக்கு இந்தச் சட்டி வேலையே இருக்காது."