தவில் கேட்காத வேன்

"அக்கா, அவனை அனுப்பிருங்க. இல்லன்னா நான் போறேன்."

மாசானம் இதைச் சொன்னபோது இன்னாசி வேனுக்கு அந்தப் பக்கம்தான் நின்றான். அவன் காதில் விழட்டும் என்றுதான் இவன் சொன்னான்.

தூத்துக்குடியில் வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டுவதில் ஜெபக்கனியை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கும் இவர்கள் வயதுதான். ஆனாலும் தொழில் கற்க வந்த இருவருக்கும் அவள் அக்கா.

மாசானத்தின் அப்பா இறந்தபோது இன்னாசி துட்டிக்கு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணமான ஆம்பிளைகள் இரண்டு பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

சாயங்காலம் அந்த வேன் கல்யாணத்துக்குப் போகவேண்டும். இடது கதவு ஸ்பீக்கரை மாசானம் மாட்டியிருந்தான். வலது கதவு இன்னாசியுடையது.

மாசானம் இடதை மட்டும் பாடவைத்தான். தவில் நெஞ்சில் இடித்தது.

இன்னாசி வலதை மட்டும் பாடவைத்தான். அதிலும் இடித்தது.

இரண்டையும் சேர்த்துப் பாடவைத்தார்கள். நாதஸ்வரம் மட்டும் மெலிசாக வந்தது. தவிலைக் காணோம்.

இன்னாசிதான் கெடுத்துவிட்டான் என்றான் மாசானம். இன்னாசி அதையே திருப்பிச் சொன்னான், ஜெபக்கனியைப் பார்த்து.

"எவன் பக்கம் தப்போ, அவன் போகட்டும்" என்றாள் அவள்.

சொன்னதைச் செய்கிறவள். இந்தப் பட்டறையை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

அவள் இடது ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள்.

தவில் வந்தது.

மாசானத்தின் முகம் செத்துப்போனது. இன்னாசி நிமிர்ந்து நின்றான்.

அவள் வயர்களைப் பழையபடி மாட்டினாள். தவில் போனது. வலது கதவுக்குப் போய், அங்கே இருந்த வயர்களை இடம் மாற்றினாள்.

தவில் வந்தது.

நிமிர்ந்து நின்ற இன்னாசி வேன் படியில் உட்கார்ந்தான்.

அவள் அதையும் பழையபடி மாட்டினாள்.

"அப்ப தப்பு யாரு பக்கம்க்கா?" என்றான் மாசானம்.

"எனக்குத் தெரியல. யாராவது ஒருத்தன் மாத்துங்க."

சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாள்.

பழைய வேன். உள்ளே ஓடிய வயரெல்லாம் ஒரே கறுப்பு. எதை ப்ளஸ்ஸில் மாட்டுவது என்று ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் மாட்டுவார்கள். அப்போதுதான் இரண்டு ஸ்பீக்கரும் காற்றைச் சேர்ந்து தள்ளும், சேர்ந்து இழுக்கும். இந்தத் தடவை கேட்கவில்லை. ஒன்று தள்ள, மற்றது இழுத்தது; நடுவில் தவில் அடங்கிப்போனது. இது தெரியாத ஆட்களா அவர்கள்?

மாசானத்துக்கு வெட்கமாக இருந்தது. நாமே மாற்றிவிடுவோம், என்ன குறைந்துவிடும் என்று இடது கதவுக்குள் குனிந்தான். வயர்களை மாற்றி இறுக்கினான். வாயைத் திறக்கவில்லை.

பாட்டைப் போட்டான்.

தவிலைக் காணோம்.

தெருமுனையில் வேன்காரர் வருவது தெரிந்தது. மாசானம் மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வலது கதவுப் பக்கமிருந்து, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, இன்னாசி மெதுவாகத் தலையை நிமிர்த்தினான்.

"ஏல மாசானம், நீயும் மாத்திட்டியா?"