இடது பக்கத்தில் என்ன விசேஷம்?

"அம்மா, நியாயம் சொல்லுங்க. நான் சரியா, சலேத்மேரி சரியா?"

மலைமேல் இருந்த மென்பொருள் மடத்தில், கோதண்டம் கடிதம் எழுதும் செயலி ஒன்றைச் செய்திருந்தான். அதற்குப் பிழை பிடித்துக் கொடுக்கும் துணை நிரல், அதாவது 'லைப்ரரி', சலேத்மேரியுடையது. ஒன்றில்லாமல் மற்றது ஓடாது.

மடத்துத் தலைவி வஞ்சியம்மாவுக்கு அவனைவிட ஆறு வயது குறைவு. ஆனாலும் எல்லாருக்கும் அம்மா.

"என்னப்பா தகராறு?"

"அவ லைப்ரரி 'கூடுதல்'ங்கிற ஃபோல்டர்ல போய் உட்காருது. என் செயலி 'பொது' ஃபோல்டர்ல தேடுது. 'அப்படி யாரும் இங்க இல்ல'ன்னு சொல்லிட்டு மூடிக்குது."

"எது ஒசத்தி?"

"பொதுதான்! மாத்தச் சொல்லி மூணு மாசமா அவளுக்கு எழுதி எழுதிக் கை வலிக்குது. பன்னிரண்டு மணிக்கு வெளியீடும்மா. ஓடாததைத் தூக்கிடுவாங்க. ரெண்டு வருஷ உழைப்பு."

வஞ்சியம்மா மொபெட்டை உதைத்தார்.

"ஏறு."

மலைப்பாதையில் வண்டி வலது ஓரமாகவே போனது.

"அம்மா, இடது பக்கம்!"

"இடது பக்கத்துல என்ன விசேஷம்?"

வளைவில் பேருந்து முகம் காட்டியது.

"அம்மா!"

"அங்க நிழலா? காத்து நல்லா வருதா?"

"ஒரு எழவும் இல்ல! நாம அங்கதான் இருப்போம்னு நம்பி எதிர்ல ஒருத்தன் வர்றான்!"

வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"யம்மா, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க," என்றார் அம்மா, மரியாதையாக.

வண்டி திரும்பி வந்து நின்றதும் கோதண்டம் குதித்து இறங்கினான். மடத்துக்குள் ஓடினான். தன் செயலியில் 'பொது'வை அழித்தான். 'கூடுதல்' என்று போட்டான்.

ஓட்டிப் பார்த்தான்.

அப்படி யாரும் இங்க இல்ல.

மணி பதினொன்றே முக்கால். அம்மாவிடம் ஓடினான். சலேத்மேரி அவனுக்கு முன்பே அங்கே மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"அம்மா, அண்ணன் விடாக்கண்டர்னு, நீங்க வண்டியில போனப்பவே என்னோடதை 'பொது'வுக்கு மாத்திட்டேன். இப்பவும் ஓடலங்குது!"

கோதண்டம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நான் இவ இடத்துக்கு மாத்திட்டேனேம்மா!"

"மாத்தினதை அவகிட்ட சொன்னியா?"

"மெயில் போட்டேன்."

"நானும் போட்டேன்," என்றாள் சலேத்மேரி. "இவர் அனுப்பினா நான் திறக்கறதில்ல. நான் அனுப்பினா இவர் திறக்கறதில்ல."

அம்மா கோதண்டத்தைப் பார்த்தார்.

"இவ எங்க உட்கார்றா?"

"என் பக்கத்து மேசையில."

அம்மா சாப்பிடப் போய்விட்டார்.

கோதண்டம் தொண்டையைச் செருமினான்.

"சலேத்து."

"சொல்லுங்கண்ணே."

"எங்க வைக்கலாம்?"