கீழ்வீட்டுக் கூரைக்கும் ஒரு பாலிசி

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் மூன்றாம் மாடி வீட்டில் ஒருநாள் பொருள்களெல்லாம் பரபரத்துக் கிடந்தன. கலீலும் அவர் மனைவி மெஹருன்னிசாவும் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

“தூணும் வெளிச்சுவரும் குடியிருப்போர் சங்கத்தோட பாலிசியில வந்துடும். உள்ளே இருக்கறது உங்க பொறுப்பு. எதையெல்லாம் சேர்க்கலாம்?” என்று கேட்டார் ஏஜென்ட்.

“முதலில் என்னை!” என்றது ஃபிரிட்ஜ். “நான் படுத்தால் வீடே நாறும்.”

“என் அகலத்தைப் பார்த்துவிட்டுப் பேசு” என்றது டிவி.

சலவை இயந்திரம் தயங்கியது. “என் குழாய் எப்போது பிய்த்துக்கொள்ளும் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் கீழ்வீட்டுக்கல்லவா இறங்கும்?”

“என் வழியாகத்தான்” என்று முனகியது தரை.

மெஹருன்னிசாவுக்கும் அதே கவலை. “ஏங்க, நம்மளால கீழே சகுந்தலாக்கா வீட்டுக்குச் சேதம் வந்தா?”

“அதுக்கும் கவர் இருக்கும்மா. பணம் கொஞ்சம் கூட ஆகும்” என்றார் ஏஜென்ட்.

“அவங்க கூரைக்கு நாம எதுக்கு?” என்றார் கலீல்.

“அந்தக் கூரை மேலதானே நாம நடக்கறோம்?”

கலீல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “அடுத்த வீட்டுக் கூரைக்கெல்லாம் பாலிசியா!” என்று டிவியும் ஃபிரிட்ஜும் கேலி செய்தன.

ஆவணியில் சகுந்தலாவின் மகள் எழிலரசிக்கு நிச்சயதார்த்தம். அன்று காலையில் பார்த்துக் குழாய் பிய்த்துக்கொண்டது. கீழ்வீட்டுக் கூடத்தில் மேலிருந்து தண்ணீர் கொட்டியது. அலங்காரக் கூரை பெயர்ந்து விழுந்தது.

மெஹருன்னிசா அழுதுகொண்டே கீழே ஓடினாள். “மன்னிச்சிடுங்கக்கா. கூரையை எங்க இன்சூரன்ஸ்ல சரிபண்ணிடலாம், கம்பெனிக்குச் சொல்லியாச்சு.”

“கூரை கிடக்கட்டும்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பிட்டாங்களே, எங்கே உட்கார வைப்பேன்?”

“எங்க கூடம் எதுக்கு இருக்கு? சீர்த்தட்டையெல்லாம் மேலே எடுங்க!”

கலீல் தரையைத் துடைத்துச் சோபாவை ஓரம் தள்ளினார். எழிலரசியே கோலம் போட்டாள். டிவி பூச்சரத்துக்குள் மறைந்தது. பாயசத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்ட ஃபிரிட்ஜ் வாயே திறக்கவில்லை. மோதிரம் மாற்றியதும் இளசுகள் ஆட்டம் போட, வீடே அதிர்ந்தது.

நனைந்து கிடந்த கீழ்வீட்டுக் கூரை மேலே பார்த்துக் கத்தியது: “யார் வீட்டு விசேஷம், இப்படிக் குதிக்கிறார்கள்?”

“உன் வீட்டு விசேஷம்தான்!” என்றது தரை.